ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்!

சிகரெட்டை விட நினைப்பவருக்கு மின்சிகரெட் கை கொடுக்குமா?

ஆனி மாதம் பிறந்துவிட்டால் காரைக்காலில் மாங்கனித் திருவிழா களை கட்டிவிடும். பிரான்சு தேசத்தில் வாழும் உறவினர்களும் கோடை விடுமுறைக்கு ஊர் வந்து சேருவார்கள். 1954 நவம்பர் முதல் தேதியோடு பிரெஞ்சு ஆட்சி போய்விட்டது. பந்தம் மட்டும் போகவில்லை. வருகிறவர்களின் பெட்டியில் வாசனைத் திரவியம் இருக்கும், சாக்லெட் இருக்கும். சிலருடைய சட்டைப் பையில் பேனா போன்ற சிறு கருவி ஒன்றும் இருக்கக்கூடும். அதுதான் மின்சிகரெட்!

2003-ல் இதற்கு இன்றைய உருவம் தந்தவர் ஹான் லிக் என்ற சீன மருந்தியல் நிபுணர். அவரே பெரிய சிகரெட் பிரியர்! கருவிக்குள் ஒரு பாட்டரி. அது கம்பிச் சுருளைச் சூடாக்குகிறது. நிக்கோட்டின் கலந்த திரவம் ஆவியாகிறது. புகையிலை எரிவதில்லை, ஆகவே தாரும் கார்பன் மோனாக்சைடு நச்சும் சிகரெட்டில் வருவது போல் வருவதில்லை.

ஆனால் பழகுவது அவ்வளவு சுலபமல்ல. சிகரெட்டைப் போல் வெடுக்கென்று இழுத்தால் இருமல்தான் மிச்சம். நிதானமாக இழுக்க வேண்டும். தொண்டை வறண்டு போகும். தண்ணீர் குடிக்க வேண்டும். பிரான்சில் திரவத்தின் நிக்கோட்டின் அளவு மில்லி லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதைப் படிப்படியாகக் குறைத்துப் பூஜ்யத்துக்கு வருவதே அங்கு பலர் கையாளும் வழி.

பாதி விட்டால் பாதி லாபமா?

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. "இருபதை ஐந்தாகக் குறைத்துவிட்டேன், மற்ற நேரத்துக்குக் கருவி இருக்கிறது" என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு. இருதயம் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும், இருபது பிடிப்பவருக்கு நேரும் கூடுதல் மாரடைப்பு அபாயத்தில் ஏறத்தாழப் பாதி வந்து சேரும் என்று 2018-ல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி காட்டியது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தவன் கரையேறுவது எப்போது?

கருவியும் குற்றமற்றதல்ல. நிக்கோட்டின் அடிமைத்தனம் அப்படியே இருக்கும். 2019-ல் அமெரிக்காவில், கஞ்சாச் சத்துள்ள கலப்படத் திரவங்களை இழுத்தவர்களே பெரும்பாலும் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்; 68 பேர் மாண்டனர்.

சட்டம் என்ன சொல்கிறது?

பாரிசில் கடையில் வாங்கும் பொருள், காரைக்காலில் தடைப் பொருள். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் மின்சிகரெட்டைத் தயாரிப்பதும், கொண்டு வருவதும், விற்பதும் குற்றம். முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இதில் புதுவை, தமிழ்நாடு என்ற பேதம் கிடையாது. மாமன் மகன் ஆசையோடு கொண்டு வரும் பரிசு, வம்பில் மாட்டிவிடும்!

வேறு வழி உண்டு

மருந்துக் கடைகளில் நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கிறது. அதைச் சாதாரண மிட்டாய் போல மென்று தள்ளக்கூடாது. மெல்ல மென்று, சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, பிறகு மீண்டும் மெல்ல வேண்டும். இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. தனியாகத் திண்டாடுகிறவர்கள் 1800-112-356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

விட்ட முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் பொல்லாதவை. எரிச்சல் வரும், தூக்கம் கெடும். ஆனால் ஆசை எழும்பும் ஒவ்வொரு முறையும் சில நிமிஷங்களில் அது தானே அடங்கிவிடும். அந்தச் சில நிமிஷத்துக்கு அரசலாற்றங்கரையில் ஒரு நடை நடந்தால் போதும். சில வாரங்களில் உடல் பழகிவிடும். ஓராண்டில் மாரடைப்பு அபாயத்தின் மிகுதி ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

நாள் குறித்து, அந்த நாளோடு முழுவதுமாக விட்டுவிடுங்கள். அடுத்த ஆனியில் உறவினர் வரும்போது, "எனக்கு எதுவும் வேண்டாம், சாக்லெட் போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம் அல்லவா?