வீட்டு ஒட்சிசன்: காப்புறுதி எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது?

மலைநாட்டில் அடைமழையும் பனியும் தொடங்கிவிட்டால் நெஞ்சு நோய்க்காரர்களுக்குச் சோதனைக் காலம்தான். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கங்களில் விறகடுப்புப் புகையிலேயே ஆயுள் முழுக்கச் சமைத்த தாய்மார், தேயிலைத் தொழிற்சாலைத் தூசியில் நின்று உழைத்தவர்கள், சிகரட்டும் பீடியும் பழகியவர்கள் என்று இழுப்பு நோயாளிகள் இல்லாத தெருவே கிடையாது. இவர்களில் சிலர் பதுளை பெரியாஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு வெளியேறும்போது, "வீட்டிலும் ஒட்சிசன் வைக்க வேண்டும்" என்று டொக்டர் எழுதித் தருகிறார். குடும்பத்தின் அடுத்த கவலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஒட்சிசனுக்கு யாரும் பணம் கேட்கவில்லை. வாசலைத் தாண்டியதும் மெஷின், சிலிண்டர், குழாய், மின்சாரம் எல்லாமே பெரும்பாலும் வீட்டார் தலையில் விழுகின்றன. "மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்குத்தானே" என்று நம்பிச் செலவு செய்துவிட்டு, பிறகு கோரிக்கை நிராகரிக்கப்பட்ட கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் வியாபாரிகளை நான் பல தடவை கண்டிருக்கிறேன். நான் டொக்டரும் இல்லை, காப்புறுதி முகவரும் இல்லை. பில்லும் கணக்கும் பார்த்துப் பழகிய கடைக்காரன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை நம் வியாபாரச் சகோதரர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

பத்திரம் பார்ப்பது ஆஸ்பத்திரிக் கட்டிலை

நம்மவர்கள் என்னிடம் கொண்டு வந்து காட்டிய மருத்துவக் காப்புறுதிப் பத்திரங்களில் பெரும்பாலானவை ஒரே அடிப்படையில் எழுதப்பட்டவை. நோயாளி ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட வேண்டும், அங்கே தங்க வேண்டும், அந்த நாட்களுக்குரிய செலவுக்கே பணம். அறை வாடகை, டொக்டர் கட்டணம், மருந்து, பரிசோதனை எல்லாம் இதற்குள் அடங்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் தங்கினால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தரும் பத்திரங்களும் உண்டு. பதுளைக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் பலர் இந்தத் தொகையைக் கேட்டுப் பெறாமலே விட்டுவிடுகிறார்கள்.

வீட்டில் வைக்கும் மெஷின் இந்த வரிசையில் தானாக வந்து சேராது. பத்திரத்தில் நான்கு இடங்களைத் தேடிப் பாருங்கள்.

முதலாவது, 'விலக்குகள்' என்ற பகுதி. மருத்துவ உபகரணங்கள், வீட்டுப் பாவனைக்குரிய சாதனங்கள் என்ற சொற்கள் அங்கே இருந்தால், வேறு இடத்தில் விசேடமாகச் சேர்த்து எழுதியிருந்தாலன்றிப் பணத்தை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறிய பின்னர் இத்தனை நாள் வரையான செலவு ஏற்கப்படும் என்ற வாசகம். சில பத்திரங்களில் இது உண்டு. வீட்டு ஒட்சிசனின் ஆரம்ப நாட்களையாவது இதன் கீழ் கேட்டுப் பார்க்க இடமிருக்கிறது.

மூன்றாவது, யார் யாருக்குக் காப்புறுதி என்பது. பல குழுக் காப்புறுதிகளில் மனைவி, பிள்ளைகள் மட்டுமே சேர்க்கப்படுகிறார்கள். ஒட்சிசன் தேவைப்படுவதோ பெரும்பாலும் வாப்பாவுக்கு அல்லது உம்மாவுக்கு. அவர்கள் பெயர் பத்திரத்தில் இல்லையென்றால் மற்ற எதைப் பேசியும் பயனில்லை.

நான்காவது, பத்திரம் எடுக்கும் முன்பே இருந்த நோய். இழுப்பு இருப்பதை மறைத்துப் படிவம் நிரப்பினால், பின்னர் கம்பனி பழைய கிளினிக் கொப்பியைப் பார்த்து முழுக் கோரிக்கையையும் தள்ளிவிடலாம். தக்காபுல் முறையில் சேர்ந்தவர்களுக்கும் இவை பொருந்தும். முறை வேறு என்றாலும் பணம் கிடைப்பது எழுதப்பட்ட நிபந்தனைப்படியே.

கடையில் வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நாம் செலுத்தும் 3 வீதம் வெறும் சேமிப்பு மட்டுமல்ல. இருதய சத்திரசிகிச்சை, ஆஸ்பத்திரி அனுமதி போன்றவற்றுக்கு அந்த நிதியத்தில் உதவித் திட்டங்கள் உள்ளன. ஒழுங்காகப் பணம் கட்டாத முதலாளியின் ஊழியர் நோயில் விழும்போது அந்த வாசலும் அடைபட்டுவிடும்.

மற்ற நாடுகளில் எப்படி?

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள், "இன்சூரன்ஸ் மாதம் மாதம் கட்டும் வாப்பா" என்று சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது பெரும்பாலும் அமெரிக்க நடைமுறை. அங்கே 65 வயதைத் தாண்டியவர்களுக்கான 'மெடிகேர்' என்ற அரச காப்புறுதி, ஒட்சிசன் மெஷினை விலைக்கு வாங்கிக் கொடுப்பதில்லை. விநியோகஸ்தருக்கு 36 மாதங்கள் வாடகை கொடுக்கிறது. வருடத் தொடக்கத்தில் நோயாளி ஏற்க வேண்டிய தொகை கழிந்த பிறகு, 80 வீதத்தைக் காப்புறுதியும் 20 வீதத்தை நோயாளியும் ஏற்கின்றனர். 36 மாதம் முடிந்ததும் வாடகை நின்றுவிடும். ஆனால் தேவை இருக்கும்வரை, மொத்தம் ஐந்து வருடம் முடியும் மட்டும், விநியோகஸ்தர் மெஷினைக் கொடுத்தே ஆக வேண்டும். குழாயும் பராமரிப்பும் அந்த மாத வாடகைக்குள்ளேயே அடக்கம்.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே தேசிய சுகாதார சேவை வீட்டு ஒட்சிசனை இலவசமாகக் கொடுப்பதோடு, மெஷின் இழுக்கும் மின்சாரத்தின் செலவையும் திருப்பிக் கொடுக்கிறது.

நமக்கு நெருக்கமானது இந்தியாவின் நிலை. அங்குள்ள காப்புறுதி ஒழுங்குபடுத்தல் அதிகார சபை, வழக்கமாகப் பணம் கொடுக்கப்படாத பொருட்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டுள்ளது. ஆஸ்பத்திரிக்கு வெளியே பாவிக்கும் ஒட்சிசன் சிலிண்டரும் நெபுலைசர் உபகரணமும் அதில் உண்டு. கம்பனி விரும்பித் தன் பத்திரத்தில் சேர்த்தால் மட்டுமே அவற்றுக்குப் பணம். அதே இந்தியாவில் 2020 ஜூலையில் கொரோனாவுக்கென்று 'கொரோனா கவச்' என்ற விசேட பத்திரம் வந்தபோது, வீட்டுச் சிகிச்சைக்கு 14 நாள் வரை ஒட்சிசன் சிலிண்டர், நெபுலைசர், விரலில் மாட்டும் ஒக்சிமீட்டர் ஆகியவற்றின் செலவையும் ஏற்றார்கள். பொருள் ஒன்றுதான். ஒரு பத்திரத்தில் எழுதியிருந்தது, மற்றதில் எழுதவில்லை. முகவர் வாயால் சொன்னதை நம்பாமல் பத்திரத்தை வாசியுங்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

பில் எப்படி இருக்க வேண்டும்?

காசு கிடைக்கக்கூடிய பத்திரமாக இருந்தாலும், பில் சரியில்லாமல் தள்ளப்படும் கோரிக்கைகள் ஏராளம். "ஒட்சிசன் சாமான்" என்று ஒரு வரியும் மொத்தத் தொகையும் மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு பில் ஆகாது.

நோயாளியின் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்க வேண்டும். பணம் கட்டிய மகனின் பெயரில் பில் எழுதுவது வழக்கமாக நடக்கும் தவறு. மெஷினின் பெயர், மாதிரி, தொடர் இலக்கம், விலையா வாடகையா, வாடகை என்றால் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, திருப்பித் தரப்படும் வைப்புப் பணம் எவ்வளவு என்று வேறு வேறாக எழுதப்பட வேண்டும். வைப்புப் பணம் செலவல்ல. அதையும் சேர்த்து மொத்தமாக எழுதினால் கம்பனி முழு பில்லையும் நிறுத்தி வைக்கும். மூக்குக் குழாய், ஈரப்பதப் போத்தல், சிலிண்டர் நிரப்பிய கூலி, வாகனக் கூலி ஆகியவையும் தனித்தனி வரிகளில் வர வேண்டும்.

பில்லோடு டயக்னோசிஸ் கார்ட்டும் டொக்டரின் கடிதமும் அவசியம். அந்தக் கடிதத்தில் நோயின் பெயர், இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் இருந்தது, நிமிடத்துக்கு எத்தனை லீட்டர், நாளுக்கு எத்தனை மணித்தியாலம், எவ்வளவு காலத்துக்கு என்ற ஐந்தும் இருக்கும்படி பணிவாகக் கேளுங்கள். வாட்டிலிருந்து வெளியேறும் அன்றே கேட்பது இலேசு. பிறகு இதற்காகப் பதுளைக்கு இரண்டு மூன்று தடவை ஏறி இறங்க வேண்டிவரும். மூலப் பிரதிகளைக் கம்பனிக்குக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள். கோரிக்கை சமர்ப்பிக்க வேண்டிய கடைசி நாள் பத்திரத்திலேயே இருக்கும்.

மெஷின் வாங்கும்போது அது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதியப்பட்டதா என்றும் கேளுங்கள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருத்துவ சாதனங்களும் அந்தச் சபையின் கீழ் வருகின்றன. கொரோனா காலத்தில் அவசரமாக வந்து இப்போது கைமாறித் திரியும் பழைய மெஷின்களுக்கு முறையான பில்லும் இருக்காது, உத்தரவாதமும் இருக்காது.

வாடகையா, விலையா?

இதை வியாபாரக் கணக்காகவே பாருங்கள். உதாரணத்துக்கு மெஷின் விலை 240,000 ரூபா, மாத வாடகை 20,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் 12 மாதத்தில் இரண்டும் சமம். நியூமோனியாவிலிருந்து தேறி வருபவருக்குச் சில கிழமைகளே போதுமாகலாம். அவருக்கு வாடகைதான் புத்தி. நாட்பட்ட நெஞ்சு நோய்க்கு வருடக் கணக்கில் வேண்டிவரும், அப்போது விலைக்கு வாங்குவது இலாபம். எந்த வகை என்பதை டொக்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மின்சாரத்தை மறந்துவிடக் கூடாது. ஏறக்குறைய 350 வோட் இழுக்கும் மெஷின் நாளுக்கு 16 மணித்தியாலம் ஓடினால் 5.6 அலகு. மாதத்துக்கு 168 அலகு. நமது வீட்டுக் கட்டணத்தில் 180 அலகுக்கு மேலுள்ளது ஆகக் கூடிய விலைப் படி. சாதாரணக் குடும்பமும் மெஷின் வந்த மாதமே அந்தப் படியில் ஏறிவிடும். இந்தச் செலவுக்குக் காப்புறுதியில் பணம் தந்த எவரையும் நான் கண்டதில்லை.

மழைக்கு மரம் விழுந்து கரண்ட் போகும் நமது தோட்டப் பகுதிகளில் ஒரு சிலிண்டரும் வைத்திருக்க வேண்டும். 7,000 லீட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர் நிமிடத்துக்கு 2 லீட்டர் வீதம் 58 மணித்தியாலம் ஓடும். 1,500 லீட்டர் சிறியது பன்னிரண்டரை மணித்தியாலம். சிலிண்டரை மட்டும் நம்பினால் நாளுக்கு 16 மணித்தியாலப்படி மாதத்துக்கு எட்டுப் பெரிய சிலிண்டருக்கு மேல் தேவை. மலைப்பாதையில் அவற்றை ஏற்றி இறக்கும் கூலியையும் கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. இச்செலவைக் கடைக் கணக்கில் எழுதாதீர்கள். வாப்பாவின் ஒட்சிசன் குடும்பச் செலவு. வரிக்கணக்கில் அதை வியாபாரச் செலவாகக் கழிக்க இடமில்லை.

பில்லை மாற்றி எழுதுவது

பார்மசி வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. "நானா, வாட்டில இருந்த திகதியப் போட்டுத் தாங்களேன், இன்சூரன்சுக்குக் குடுக்கத்தான்" என்று தெரிந்தவர்கள் வந்து கேட்பார்கள். அவர்களின் கஷ்டம் உண்மையானது. ஆனால் திகதியை மாற்றிய பில் பொய்ச் சாட்சி. பிடிபட்டால் அந்தக் குடும்பத்தின் பத்திரம் இரத்தாகலாம், எழுதிக் கொடுத்தவர் வழக்குக்கும் போக வேண்டிவரலாம். அதன் பிறகு அந்தக் கடையின் நியாயமான பில்லையும் கம்பனி சந்தேகத்தோடுதான் பார்க்கும். கஷ்டப்பட்டவருக்கு உதவ விரும்பினால் வாடகையில் கழித்துக் கொடுங்கள், அல்லது பள்ளிவாசல் ஜமாஅத் மூலம் இரவல் மெஷினுக்கு வழி செய்யுங்கள்.

மறுத்தால் என்ன செய்வது?

தொலைபேசியில் சொன்ன பதிலோடு திரும்பிவிடாதீர்கள். எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் 2005 முதல் இயங்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ, இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். காப்புறுதியே இல்லாத வசதி குறைந்த குடும்பங்களுக்கு ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி ஒன்றிருக்கிறது. 2025 பெப்ரவரி முதல் அதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை, பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். எந்த நோய்களுக்கு, என்ன நிபந்தனையில் என்பதை அங்கேயே கேட்டறியலாம்.

பத்திரம் வைத்திருப்பவர்கள், வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கும்போதே கம்பனிக்கு இப்படி ஒரு கடிதம் போடுங்கள்: "எனது பத்திர இலக்கம் இது. வைத்தியரின் எழுத்து மூல ஆலோசனையின்படி வீட்டில் பாவிக்கும் ஒட்சிசன் இயந்திரத்தின் விலை அல்லது வாடகை, சிலிண்டர் நிரப்பும் செலவு ஆகியவை இதில் அடங்குமா? அடங்குமாயின் யாருக்கு, எத்தனை நாளுக்கு, எவ்வளவு தொகை வரை, என்ன ஆவணங்களுடன்? எழுத்தில் பதில் தரவும்." வரும் பதிலைப் பத்திரத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். 'இல்லை' என்று பதில் வந்தாலும் அது நட்டமல்ல. அடுத்த முறை பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது என்ன கேட்க வேண்டும், அதுவரை கையிருப்பில் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.