காப்புறுதிக் கணக்கும் மேற்பார்வையாளர் அளவுகோலும்

ஏனைய வணிகர் பொருளைக் கொடுத்து விலையைப் பெறுவர். காப்புறுதிக் கம்பெனியோ விலையை இன்று பெற்று, இருபது முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே தான் விற்றதைக் கொடுக்கும். ஆதலின், இடைக்காலத்தில் அவ்வாக்குறுதியின் பெறுமதி யாதெனக் கணித்தலே அத்தொழிற் கணக்கின் உயிர்நிலையாகும். அக்கணிப்பு முறை மாறின், கம்பெனிகளை மேற்பார்வை செய்வோர் யாது செய்தல் வேண்டும்? 2023 ஆம் ஆண்டிற் கனடாவில் நிகழ்ந்தது இதற்குத் தக்க உதாரணமாகும்.

சர்வதேசக் கணக்கியல் நியமச் சபை 2004 இல் வெளியிட்ட நான்காம் நியமம், நாடுகள் தத்தம் பழைய வழக்கையே பெரும்பாலும் கைக்கொள்ள இடந்தந்தது. 2017 மே மாதத்தில் வெளிவந்த பதினேழாம் நியமம் அவ்விடத்தை நீக்கிற்று. 2021 இல் நடைமுறைக்கு வரவேண்டிய இது, பின்போடப்பட்டு 2023 சனவரி 1 இல் வந்தது.

அதன் தலையாய விதியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். ஒருவர் பத்தாண்டுக் காப்புறுதிக்கு 100,000 டொலரை ஒரே முறையிற் செலுத்துகிறார் எனக் கொள்க. எதிர்பார்க்கும் கொடுப்பனவு, செலவு, கணிப்புப் பிழைத்தற்கான ஒதுக்கம் யாவுஞ் சேர்ந்து 90,000. (வட்டியை ஈண்டு விட்டுவிடுவாம்.) எஞ்சிய 10,000 என்ன? கனடாவின் பழைய முறையில் இத்தகைய தொகை ஒப்பந்த நாளிலேயே இலாபமாய்த் தோன்றலாம். புதிய நியமமோ, சேவை செய்யாமுன் இலாபம் இல்லை என்கின்றது. ஓராண்டுச் சம்பளம் முழுவதையும் தை மாதத்திலேயே வாங்கிய ஆசிரியனது நிலை இதுவே: பணம் கையில் உண்டு, பாடம் இன்னும் நடக்கவில்லை! ஆகவே அத்தொகை ஐந்தொகையிற் பொறுப்பாக நின்று, ஆண்டுதோறுஞ் சிறிது சிறிதாக இலாபமாக மாறும்.

இதனால், பெட்டகத்திலிருந்து ஒரு சதமேனும் வெளியேறாதிருக்க, ஆயுட்காப்புறுதிக் கம்பெனிகள் பலவற்றின் சொந்த மூலதனம் ஏட்டிற் குறைந்து தோன்றிற்று. மேற்பார்வையாளர் பழைய படிவத்தையே வைத்திருந்தால், நேற்று வலியதாயிருந்த கம்பெனி இன்று நலிந்ததென அளவுகோல் பொய்யுரைக்கும்.

கனடாவின் நிதி நிறுவன மேற்பார்வைக் காரியாலயம் நியமத்தை மறுக்கவில்லை; தன் அறிக்கைப் படிவங்களையும் மூலதன விதிகளையுமே திருத்தியது. எதிர்காலக் கணிப்புகள் பாதகமாயின் அதனை முதலில் தாங்குவது இன்னும் ஈட்டப்படாத இவ்விலாபமே. ஆதலின் அதனை மூலதனமாக எண்ண இடந்தந்தது. ஆயின், தனியே வகுத்த முதலீட்டு நிதிகளோடு பிணைந்த ஒப்பந்தங்களுக்குரிய பங்கை விலக்கியது. தேவையான மூலதனத்தைக் கணிக்கையில் 1.05 ஆக இருந்த பெருக்கெண்ணும் 1.00 ஆயிற்று. நியமத்தை முன்கூட்டியே கைக்கொள்ளவும் எவரையும் விடவில்லை. எல்லோரும் ஒருங்கே மாறினாலன்றி ஒப்பிடுதல் இயலாதன்றோ?

இவற்றுள் மூலதனமாக எண்ணும் முடிவே ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒரே தொகை பங்குதாரர் கணக்கிற் பொறுப்பு. மேற்பார்வையாளர் கணக்கில் மூலதனம். இது முரண்பாடன்று. முன்னவர் வினா, இவ்வாண்டு எவ்வளவு ஈட்டினோம் என்பது. பின்னவர் வினா, நாளை ஒரு விதவை பத்திரத்துடன் வந்தாற் கொடுக்கப் பணம் உண்டோ என்பது.

இலங்கையில் இந்நியமம் 2026 சனவரி 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு உரியது. இங்கே மேற்பார்வைக்குரிய மூலதனக் கணிப்பு 2016 முதல் இடர் அடிப்படையிலான தனி விதிகளின்படி நடைபெறுவதாதலின், பங்குதாரர் கணக்கு மாறிய மாத்திரத்தே அது தானாக மாறிவிடாது. கம்பெனிகள் இரு கணக்குகளைப் பேணுவதோடு, அவை வேறுபடும் இடங்களை மேற்பார்வையாளருக்கு வரிக்கு வரி விளக்கவும் வேண்டியிருக்கும்.