சேற்றுக்குள்ளிருந்து ஒரு பிறந்தநாள் அழைப்பு!

இங்கிலாந்தின் வடக்கே, நார்தம்பர்லேண்டின் பசும்புல் சரிவுகளுக்கு நடுவே இருக்கிறது விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை. மேலாகப் பார்த்தால் குட்டையான கற்சுவர்கள்தான். அசல் கொண்டாட்டம் அகழாய்வுக் குழிக்குள்! வாருங்கள், எட்டிப் பார்க்கலாம்.

குழியின் அடிமண் கன்னங்கறுப்பு. முதல் கோட்டை கி.பி. 85 வாக்கில் மரத்தால் எழுந்தது. பக்கத்திலுள்ள ஹேட்ரியன் பெருஞ்சுவருக்கு அப்போது அஸ்திவாரம்கூடப் போடவில்லை. அந்த வேலை தொடங்கியதே 122இல். படைப்பிரிவு மாறும்போது பழைய கட்டடத்தை இடித்து, களிமண்ணும் புற்கரணையும் பரப்பி, அதன் மேலேயே புதிதாகக் கட்டினார்கள். இப்படி ஒன்பது கோட்டைகள்! காற்றுப் புகாத அந்த ஈரத்தில் தோலும் மரமும் மட்கவே இல்லை.

என்னென்ன வந்திருக்கின்றன தெரியுமா? 5,000க்கும் மேற்பட்ட காலணிகள்! ஆணியடித்த சிப்பாய்ச் செருப்புகளோடு பெண்கள், குழந்தைகளின் செருப்புகளும். கோட்டைக்குள் குடும்பங்களும் வாழ்ந்தன என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 2014இல் மரத்தாலான கழிப்பறை இருக்கை, 2017இல் தோலாலான குத்துச்சண்டைக் கையுறைகள்!

எல்லாவற்றுக்கும் மகுடம், 1973இல் ராபின் பர்லி கண்டெடுத்த மரச்சீவல்கள். அஞ்சலட்டை அளவுதான். ஒட்டியிருந்த இரண்டைப் பிரித்ததும் உள்ளே மை எழுத்து! காற்றுப் பட்டதும் அது மங்கிப்போக, அகச்சிவப்புப் படம்தான் எழுத்தை மீட்டுக் கொடுத்தது. அதன்பின் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஒருவர் தன் வீரர்களுக்குப் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள் என்கிறார். இன்னொன்றில் காலுறையும் உள்ளாடையும் அனுப்பிய செய்தி. கி.பி. 100 வாக்கில் கிளாடியா செவேரா, தளபதியின் மனைவி லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். கடிதத்தை எழுத்தர் எழுத, கடைசி வரிகள் அவள் கைப்பட! ஒரு பெண்ணின் லத்தீன் கையெழுத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றுள் ஒன்று அது.

நம்மைத் துள்ள வைக்கும் கணக்குச் சீட்டும் உண்டு: காம்பாக்ஸ் என்பவர் பெயரில் 2 தெனாரியஸுக்கு மிளகு! அந்தக் காலத்தில் ரோமுக்கு மிளகு கப்பலேறியது சேர நாட்டு முசிறி போன்ற துறைகளிலிருந்து. நம் கடற்கரைச் சரக்கு அந்தக் குளிர்காட்டுப் படைமுகாமின் குழம்பு வரை போயிருக்கிறது!

கல்வெட்டில் பேரரசர்களின் பெயர் இருக்கும். பசியும் குளிரும் நட்பும் இந்தச் சீவல்களில்தான் இருக்கின்றன. கோடைதோறும் தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு வருகிறார்கள். பெரும்பகுதி இன்னும் தோண்டவே இல்லை. அங்கே போனால் குழி விளிம்பில் நின்று, “இன்னைக்கு என்ன கிடைச்சது?” என்று கேட்டுவிடுங்கள்!