குலசாமி கும்பிடப் போன இடத்தில்... அடுக்கடுக்காய்த் தடங்கலா?

மாசி பிறந்தால் போதும். சென்னையில் இருந்தாலும் சரி, திருப்பூரில் இருந்தாலும் சரி, தெற்குச் சீமைக்காரர்களுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். மகா சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போயே ஆகவேண்டும்! காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கண்மாய்க் கரைகளிலும் கரிசல் காடுகளிலும் இருக்கிற சின்னச் சின்னக் கோயில்களின் முன்னால், அன்று ராத்திரி காரும் வேனுமாக வரிசை கட்டி நிற்கும்.

சாமி கும்பிடும் பயணம்தான். ஆனால், போகிற வழியில் ஒன்று மாற்றி ஒன்றாகத் தடங்கல் வந்தால்?

இப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அப்பத்தா, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். அதிகாலை 4 மணிக்குச் சென்னையிலிருந்து கார் கிளம்புகிறது. திருச்சி வருவதற்குள் சின்னவன் இரண்டு முறை வாந்தி. மேலூர் பக்கம் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை! ஆள் பிடித்துச் சரி செய்வதற்குள் மதியம் 2 மணி. சாப்பாடு தள்ளிப்போனதில் அப்பத்தாவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறுகிறது. ஒருவழியாகக் காரியாபட்டி தாண்டிக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தால், இருட்டில் விறகு எடுத்த பெரியவளைத் தேள் கொட்டுகிறது. விடிந்தால் சின்னவனுக்குப் பேதி.

"நான் அப்பவே சொன்னேன்ப்பா... கிளம்புறப்ப இவ பின்னாலேருந்து கூப்பிட்டா. அப்புறம் எப்படி வெளங்கும்?" என்கிறார் அப்பத்தா. பாவம், பழி மருமகள் தலையில்!

நிதானமாக யோசித்துப் பாருங்கள். இது கிரகக் கோளாறு அல்ல, ஒரு சங்கிலி. பஞ்சரால் தாமதம். தாமதத்தால் பசி. பசியால் அப்பத்தாவுக்கு மயக்கம். பொழுது சாய்ந்து போய்ச் சேர்ந்ததால் இருட்டு, இருட்டில் தேள். அலுப்பில் யாரும் குடிதண்ணீரைக் கவனிக்கவில்லை, அதனால் பேதி. ஒரு கஷ்டம் அடுத்ததைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறது. எந்த இடத்தில் நின்று மூச்சு விடுகிறோமோ, அந்த இடத்தில் சங்கிலி அறுந்துவிடும்.

எங்கெங்கே நிற்கலாம்?

பிள்ளைக்கு வாந்தி

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நகர்கிறோம்' என்கிறது. கையில் இருக்கும் செல்போனைப் பார்க்கிற கண்ணோ 'அசையவே இல்லை' என்கிறது. இந்தக் குழப்பம்தான் பயண வாந்தி. போனை வாங்கி வையுங்கள். ஜன்னலைத் திறந்து, தூரத்தில் தெரியும் மலையையோ மரத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்ட பூரியும் கூடாது. இரண்டு இட்லி போதும். வழக்கமாக வாந்தி எடுக்கிற பிள்ளை என்றால், டாக்டரைக் கேட்டு மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும்!

வண்டி நின்றுவிட்டால், "நீங்க உள்ளேயே இருங்க" என்று பிள்ளைகளைக் கண்ணாடி ஏற்றிய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிவிடும்.

அப்பத்தாவுக்கு ஏன் மயக்கம்?

காலையில் சர்க்கரை மாத்திரை போட்டாயிற்று. மதியச் சாப்பாடு வரவில்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றமான பேச்சு... இவைதான் அடையாளம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 'சுகர் பேஷன்ட்டுக்குச் சர்க்கரையா?' என்று தயங்க வேண்டாம். அந்த நேரத்தில் அதுதான் மருந்து. 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுக்கலாம். தெளிந்ததும் சாப்பிட வைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். நேராக ஆஸ்பத்திரிதான்.

மாத்திரைப் பை டிக்கியில் இருக்கக்கூடாது. கைப்பையில் இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் இன்சுலினை வைத்தால் அது கெட்டுப்போகும்.

தேள் கொட்டினால்...

காய்ந்த விறகு, கல் குவியல், கழற்றிப் போட்ட செருப்பு இவையெல்லாம் தேளுக்குப் பிடித்த இடங்கள். பெரும்பாலும் கடுமையான வலியோடு போய்விடும். ஆனால், சில செந்தேள்களின் விஷம் இருதயத்தையே தாக்கும். குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். உடம்பெல்லாம் வியர்ப்பது, கை கால் சில்லிட்டுப் போவது, வாந்தி, மூச்சுத் திணறல் இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

மகாராஷ்டிராவில் மஹாட் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், தேள்கடிக்குக் குழந்தைகள் பலியாவதைப் பார்த்து மனம் நொந்தவர். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் 'ப்ரஸோசின்' மாத்திரை இந்த விஷத்தின் விளைவை முறிக்கிறது என்று 1980-களில் காட்டினார். ஏராளமான உயிர்கள் பிழைத்தன. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த மாத்திரையை டாக்டர்தான் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும். நாம் செய்ய வேண்டியது, கொட்டிய இடத்தில் துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிப் போவதுதான். கீறுவது, இறுக்கிக் கட்டுவது, மந்திரிக்கக் காத்திருப்பது... எதுவுமே வேண்டாம்.

விடிந்ததும் பேதி

1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது! இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அந்த வழியில் வந்ததுதான்.

பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குக் கீழே என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக. கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, பிள்ளை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலோ, பேதியில் ரத்தம் தெரிந்தாலோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கடைசிக் கண்ணி

எல்லாம் முடிந்தது. "போதும்டா சாமி, வீடு போய்ச் சேருவோம்!" என்று வண்டியை எடுக்கத் தோன்றும். நில்லுங்கள்! உயிர் போகிற ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

17 மணி நேரம் தொடர்ந்து கண்விழித்தவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் ஆல்கஹால் உள்ளவருடையதைப் போலத் தடுமாறும் என்று 1997-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதே 0.03 சதவிகிதம்தான். பகலெல்லாம் கார் ஓட்டி, சிவராத்திரி முழுக்க விழித்து, மறுபடி சென்னைக்கு ஸ்டீயரிங் பிடிப்பவர் குடிக்காமலே குடித்தவர் மாதிரி! டீயும், முகத்தில் அடிக்கிற தண்ணீரும் கொஞ்ச நேரத்துக்குத்தான். தூக்கத்துக்குத் தூக்கம்தான் மருந்து. அருப்புக்கோட்டையிலோ மதுரையிலோ ஒரு ரூம் போடுங்கள். ஒருநாள் லீவு போனால் போகட்டும்.

இப்படிச் சொல்கிற துணிச்சல் வீட்டில் ஒருவருக்காவது வேண்டும். பெரியவர்கள் சொன்னால் இன்னும் நல்லது. "உன்னாலதான்" என்று குத்திக்காட்டும் வீட்டில், அடுத்த முறை தலைசுற்றினாலும் யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். அப்பத்தா தன் மயக்கத்தையே மறைத்துவிடுவார். அதுதான் பெரிய ஆபத்து. காரில் யார் "எனக்கு முடியல" என்றாலும், வண்டி நிற்க வேண்டும்.

கைப்பையில் இருக்கட்டும்!

* மூன்று நாளுக்குக் கூடுதலாக வழக்கமான மாத்திரைகள், டாக்டர் சீட்டு
* ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 4, சர்க்கரை, பிஸ்கட், வாழைப்பழம்
* காய்ச்சி ஆறிய தண்ணீர், ஆளுக்கு இரண்டு லிட்டர்
* நல்ல டார்ச் லைட், பிள்ளைகளுக்கு மூடிய ஷூ (போடும் முன் உதறவும்)
* வாந்திக்குக் கவர், ஒரு பழைய துண்டு
* கிளம்புவதற்கு முந்தின நாளே ஸ்டெப்னியில் காற்று!

அவசரத்துக்கு: ஆம்புலன்ஸ் 108. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. காரியாபட்டியிலும் அருப்புக்கோட்டையிலும் அரசு மருத்துவமனை உண்டு. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி, மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை. சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை.