ஒரு வாசல், பல விலாசம்

திருநெல்வேலி டவுனில் ரத வீதிகளை ஒட்டிய தெருக்களில் ஒரே நிலையின் மேல் ‘பழைய எண்’, ‘புதிய எண்’ என இரண்டு இலக்கங்கள் எழுதியிருந்தாலும், எந்த எண்ணிட்டு வரும் கடிதத்தையும் தபால்காரர் அந்த ஒரு வாசலிலேயே சேர்ப்பிக்கிறார். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டுக்கும் இவ்வாறே ஒன்றுக்கு மேற்பட்ட ஐ.பி. விலாசங்கள் இருக்கலாம் என்பதும், அது பழுதன்று, முறையான ஏற்பாடே என்பதும் பலர் அறியாத விஷயம்.

கார்டு தயாராகும்போதே அதில் பொறிக்கப்படும் 48 பிட் அடையாளம் ஒன்றுண்டு. ஐ.பி. நான்காம் பதிப்பின் விலாசமோ ஆபரேட்டிங் சிஸ்டம் அதன்மேல் ஏற்றி வைக்கும் 32 பிட் இலக்கம். ‘இந்த விலாசம் யாருடையது?’ என்று ஒரு சாதனம் எல்லோருக்கும் கேட்கும்படி வினவ, உரிய யந்திரம் தன் கார்டின் அடையாளத்தைச் சொல்லி விடையளிக்கும் ஏ.ஆர்.பி. என்னும் சம்பிரதாயம் 1982-இல் வகுக்கப்பட்டது. ஒரே கார்டு பல விலாசங்களுக்காக விடை சொல்வதை அது தடுப்பதில்லை. பிரௌசர் தான் நாடும் இணையதளத்தின் பெயரைச் சர்வருக்குத் தெரிவிப்பதை 1997-இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிகள் கட்டாயமாக்கும் வரை, ஒரே சர்வரில் பத்துத் தளங்களை நடத்த விரும்பியவர்கள் பத்து விலாசங்களை ஏற்றவே வேண்டியிருந்தது.

இக்காலத்தில் தாமிரவருணிக் கரை ஊர்களுக்கு இந்த ஏற்பாடு பெரும்பாலும் கேமராவோடு வந்து சேர்கிறது. அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஓர் அரிசி ஆலை என்று வைத்துக்கொள்வோம். கணக்கெழுதும் கம்ப்யூட்டர் ரூட்டரிடம் பெற்ற 192.168.0.12 என்ற விலாசத்தில் இயங்க, நெல் இறக்கும் முற்றத்துக்கென்று வாங்கிய கேமராவோ 192.168.1.64 என்ற விலாசத்தோடு பெட்டியிலிருந்து வெளிவருகிறது. மூன்றாவது எண் வேறாகையால் ஒன்றையொன்று எட்ட முடியாத அவ்விரண்டையும் இணைக்க, மாட்ட வந்தவர் அதே கார்டில் 192.168.1.10 என்று இரண்டாவது விலாசத்தைச் சேர்க்கிறார். திரையில் முற்றம் தெரிகிறது. சில நாள் கழித்து, கணக்குக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வருவதும் போவதுமாக ஆகிறது.

இதன் காரணம் இரண்டாவது விலாசத்தில் இல்லை. விண்டோஸில் விலாசம் அமைக்கும் பக்கத்தில் கூடுதல் விலாசம் எழுத வேண்டுமானால், முதல் விலாசத்தையும் தானாகப் பெறும் முறையை விட்டு நிரந்தரமாக எழுதியாக வேண்டும். அவர் அப்போதிருந்த 192.168.0.12-ஐயே எழுதிவிட்டார். ரூட்டரின் கணக்கில் அது தவணைக்குக் கொடுத்த விலாசம். தவணை புதுப்பிக்கப்படாமல் முடியவே, அதை யாரோ ஒருவருடைய செல்போனுக்கு வழங்கிவிட்டது. கம்ப்யூட்டரின் கேபிளைக் கழற்றிவிட்டு, வேறொரு யந்திரத்திலிருந்து அவ்விலாசத்துக்கு ‘இருக்கிறாயா?’ என்று வினவும் பிங் அனுப்பி, விடைகள் பதிவாகும் ஏ.ஆர்.பி. பட்டியலில் வேறொரு கார்டின் அடையாளம் நிற்பதைக் கண்டால் உண்மை பிரத்தியட்சமாகும். ரூட்டர் வழங்கும் வரம்புக்கு அப்பாற்பட்ட இலக்கம் ஒன்றைத் தருவதே நிவாரணம்.

இரண்டாவது விலாசத்துக்கும், வெளியே செல்லும் வழியாகிய கேட்வே ஒன்றை எழுதிவைப்பது இன்னொரு பிசகு. எத்தனை விலாசங்களில் வேண்டுமானாலும் செய்தியை ஏற்கும் யந்திரம், வெளியே அனுப்பும்போது ஒரு வழியையும் ஒரு விலாசத்தையும் தேர்ந்தாக வேண்டுமாதலால், இல்லாத கேட்வேயை அது தேர்ந்த கணமே செய்தி வழியில் மாண்டுபோகும். சங்கடங்களில் பெரும்பகுதி இவ்வாறு புறப்பாட்டில்தான் விளைகிறது.

லினக்ஸில் வேறு இரு கண்ணிகள் உண்டு. ‘ஐபி’ கட்டளையால் பெயரிடாமல் சேர்த்த விலாசங்களைப் பழைய ‘இஃப்கான்ஃபிக்’ காட்டாது. ஆகையால் இல்லை என்று நினைத்த விலாசம் இருந்துகொண்டே இருக்கும். ஒரே பிரிவைச் சேர்ந்த விலாசங்களில் முதலாவதை நீக்கினால், வேறுவிதமாக அமைத்திராத பட்சத்தில், பின்னர்ச் சேர்த்தவையும் உடன் நீங்கிவிடும். தொலைவிலிருந்து சர்வரைத் திருத்துபவர் அக்கணமே அதன் தொடர்பை இழப்பார்.

ஐ.பி.யின் ஆறாம் பதிப்பிலோ, உள்ளூருக்கு ஒன்று, வெளியுலகுக்கு ஒன்று, அந்தரங்கம் காக்க அவ்வப்போது மாறுவது ஒன்று என ஒரே கார்டு பல விலாசங்களைத் தாங்குவதே சாதாரணம். எதைக்கொண்டு புறப்படுவது என்பதற்கு 2012-இல் திருத்திய விதிகளும் உள்ளன. ஆகவே ஒரு கார்டில் எந்தெந்த விலாசங்கள் உள்ளன, எதைக்கொண்டு செய்தி புறப்படுகிறது என்று பார்க்கும் இந்த விசாரணை முறை, கேமரா மாட்டுபவருக்கு மட்டுமன்றி, வீட்டில் ரூட்டர் வைத்திருக்கும் எவருக்கும் இனி பிரயோஜனப்படும்.