திரும்பி வந்த பயிற்சியாளரும் தேய்ந்து போன பருவமும்

வாளையார்ப் பக்கம் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஐ.எஸ்.எல். கால்பந்து வந்துவிட்டால் வீடு இரண்டாகிவிடும். பெரியவர்கள் சென்னை அணி. இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டை. அந்த மஞ்சள் அணி 2018-19-இல் ஏன் சரிந்தது? வியாபாரியான எனக்குத் தெரிந்த வழி கணக்குப் பார்ப்பதுதான்.

இங்கிலாந்தின் முன்னாள் கோல் காப்பாளர் டேவிட் ஜேம்ஸ், 2014-இல் முதல் ஐ.எஸ்.எல். போட்டியில் இந்த அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். அரையிறுதியில் நம் சென்னையையே வீழ்த்தி, இறுதியாட்டத்தில் கொல்கத்தாவிடம் கடைசி நிமிடக் கோலில் தோற்றார்கள். 2018 ஜனவரியில் ரெனே மியூலன்ஸ்டீன் விலகியதும், அந்த இனிய நினைவோடு ஜேம்ஸை மறுபடி அழைத்து வந்தார்கள்.

2018 செப்டம்பர் 29 அன்று கொல்கத்தாவில் 2-0 என்று முதல் ஆட்டத்திலேயே வெற்றி. அதோடு சரி. அடுத்து மும்பையோடு கொச்சியில் கூடுதல் நேரத்தில் கோல் வாங்கி டிரா. குவாஹாட்டியில் 90 நிமிடம் வரை முன்னிலை. கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் வாங்கித் தோல்வி. டிசம்பர் 16 அன்று மும்பையிடம் 6-1. இரண்டே நாளில் ஜேம்ஸ் விலகினார். 12 ஆட்டத்தில் 1 வெற்றி, 6 டிரா, 5 தோல்வி, 9 புள்ளி.

வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. பருவம் முழுவதிலும் 2 வெற்றியில் வந்தது 6, 9 டிராவில் வந்தது 9, ஆக 15. பத்து அணிகளில் ஒன்பதாம் இடம். கைக்கு வந்த லாபத்தைக் கடை அடைக்கும் நேரத்தில் விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

சரி, குற்றம் ஒருவர் மேல் மட்டுமா? அவருக்குப் பின் வந்த நெலோ விங்காடாவும் 6 ஆட்டத்தில் எடுத்தது 6 புள்ளிதான். அதற்கு முந்தைய ஆண்டு கோப்பை வென்ற சென்னையோ, அதே ஜான் கிரிகோரியை வைத்துக்கொண்டே 9 புள்ளியோடு கடைசி இடம் போனது. ஆளை மாற்றியவர்களும் அடிமட்டம், மாற்றாதவர்களும் அடிமட்டம்!

என் கருத்து இது: 2014 லீக்கில் பிளாஸ்டர்ஸ் 14 ஆட்டத்தில் 5 வெற்றி, 4 டிரா, 5 தோல்வி. அதுவே நடுத்தரக் கணக்குத்தான். இறுதியாட்டம் வரை போன பெருமை அதை மறைத்துவிட்டது. எதிரில் 2014-இல் இருந்தவை ஏழு அணிகள், 2018-இல் ஒன்பது. ஆட்டமும் 14 போய் 18. சந்தையே மாறிவிட்டது. வள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்தது சும்மா இல்லை.

ஊர் விட்டு வந்து பிழைப்பவர்கள் நாம். பழைய கூட்டாளியை மறுபடி சேர்ப்பவர்களும், மூடிய கடையை மறுபடி திறப்பவர்களும் நம்மிடையே உண்டு. தாராளமாகச் செய்யலாம். ஆனால் பழைய நினைவை மட்டும் நம்பாமல், பழைய பேரேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.