காசிக்கு வான்வழி: திதிக்கு முன் செய்யவேண்டிய கணக்கு

காசி யாத்திரை செல்லும் முதியோர் பலர் இந்நாளில் விமானத்தையே நாடுகின்றனர். சென்னைக்கும் காசிக்கும் இடையே நேர்கோட்டு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,410 கிலோமீட்டர். நாகபுரி, இட்டார்சி, ஜபல்பூர், பிரயாகை என வளைந்து செல்லும் ரயில் பாதையோ 2,100 கிலோமீட்டருக்கும் மேல். ரயிலில் ஒன்றரை நாள் ஆகும் பயணத்தை நேர் விமானம் சுமார் இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறது.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு இரண்டு மணி நேரம்கூட வேண்டாமே எனச் சிலர் கேட்பர். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், இறங்குமுன் வேகம் தணிவதும் அந்த இரண்டரை மணி நேரத்திலேயே அடக்கம்.

எனினும் யாத்திரிகருக்கு வேண்டிய கணக்கு வேறு. பெட்டிகளை ஒப்படைக்கும் முகப்பு, புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். ஆகவே இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கிருத்தல் வேண்டும். காசியின் லால் பகதூர் சாஸ்திரி விமான நிலையம் நகருக்குள் இல்லை. சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, பாபத்பூரில் உள்ளது. நெரிசலில் கோதௌலியாவை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அதன்பின் சந்துகளில் கார் நுழையாது, நடைதான். வீட்டு வாசலிலிருந்து சத்திரத்து வாசல் வரை ஏழெட்டு மணி நேரம் எனக் கொள்வதே சரி.

தில்லி வழியாக மாறிச் செல்லும் சீட்டு சில நாட்களில் மலிவாகக் கிடைக்கும். அவ்வழியில் காசியையும் தாண்டி வடக்கே போய்த் திரும்ப வேண்டும். பறக்கும் தொலைவு 2,400 கிலோமீட்டரைக் கடந்துவிடும். முழங்கால் வலி உள்ளவர்க்கு அது சிக்கனமே அன்று.

பித்ரு காரியத்துக்குச் செல்வோர் கூடுதல் கவனம் கொள்ளவேண்டும். விடுப்புக் கிடைக்காத பிள்ளைகள், காலை விமானத்தில் சென்று அன்றைய அபராஹ்னத்திலேயே சிராத்தம் செய்துவிடலாம் என ஏற்பாடு செய்கின்றனர். விமானம் தாமதித்தால் மறுநாள் போய்க்கொள்ளலாம். திதி மறுநாள் வராது. மார்கழி, தை மாதங்களில் கங்கைச் சமவெளியில் மூடுபனி அடர்ந்து ஓடுபாதையை மறைத்துவிடும். விமானங்கள் மணிக்கணக்கில் தாமதிப்பதும், வேறு ஊருக்குத் திருப்பப்படுவதும் அப்போது வழக்கம். பெரும்பாலும் முற்பகலுக்குள் பனி விலகிவிடுவதால், அம்மாதங்களில் பிற்பகல் விமானமே ஏற்றது. தை அமாவாசைக்குச் செல்வோர் இரண்டு நாள் முன்னதாகவும், மற்ற காலங்களில் செல்வோர் முதல் நாளேயும் காசியில் இருப்பது உத்தமம். ஆவணியில் வானம் வழிவிட்டாலும் கங்கை வழிவிடாது. வெள்ளத்தில் படித்துறைகள் மூழ்கியிருக்கும்.

சக்கர நாற்காலி தேவைப்படுவோர் சீட்டு எடுக்கும்போதே அதைப் பதிவு செய்யவேண்டும். மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும். எளிதில் தீப்பற்றும் கொப்பரையை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. இராமேசுவரத்து அபிஷேகத்துக்காகக் கங்கைச் செம்பு கொண்டுவருவோர், அதைக் கசியாதபடி அடைத்துவைத்து, எந்தப் பெட்டியில் ஏற்பார்கள் என்று விமான நிறுவனத்திடம் முன்னரே கேட்டுக்கொள்வது நலம்.